எண்ணிப் பார்த்த ஜானகி அம்மாள்



காலாண்டுத் தேர்வில் உயிரியல் தாளில் வந்த ஐந்து மதிப்பெண் கேள்வி பதினோராம் வகுப்புக்காரங்க யாருக்கும் மறந்திருக்காது. மைட்டாசிஸ் செல் பிரிதலின் நிலைகளைப் படத்துடன் விளக்க வேண்டும். நான் அதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். முதலெழுத்தைச் சேர்த்தால் "புமெஅடீ". பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததும் எனக்கு டீ மட்டும்தான் ஞாபகம் வந்தது! அனாஃபேஸை முன்னாடியும் மெட்டாஃபேஸைப் பின்னாடியும் எழுதி, படத்தையும் மாற்றிப் போட்டு, ஐந்துக்கு இரண்டு வாங்கினேன்.

அந்தத் தப்பினால்தான் இந்தக் கட்டுரையே வந்தது. பேப்பர் கொடுத்த அன்றைக்கு எங்கள் தாவரவியல் டீச்சர் திட்டவில்லை. மனப்பாடம் பண்ணினால் இப்படித்தான் ஆகும், கண்ணால் பார்த்தால் மறக்காது என்று சொல்லி எங்களை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே வைத்துத்தான் ஜானகி அம்மாள் என்ற பெயரை முதல்முதலாகக் கேட்டேன்.

வெங்காயத்துக்குள்ளே என்ன நடக்குது?

பெரிய வெங்காயம் ஒன்றை, அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி டம்ளர் மேலே உட்கார வைத்தோம். மூன்று நாளில் வெள்ளை நூல் மாதிரி வேர் இறங்கிவிட்டது. அதன் நுனியைக் காலையிலே வெட்டி, மருந்தில் போட்டு வைத்து, அமிலத்தில் லேசாகச் சூடு காட்டி, சிவப்புச் சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினோம். இருந்தது ஒரே ஒரு மைக்ராஸ்கோப். ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான் கிடைத்தது.

உள்ளே பார்த்தால் செங்கல் சுவர் மாதிரி கட்டம் கட்டமாகச் செல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு உருண்டை. எல்லாமே சும்மா இருக்கிற மாதிரி தெரிந்தது. உண்மையில் அவை சும்மா இல்லையாம். பிரிவதற்கு முன்னால் செல் தனக்குள் இருக்கும் மரபு இழைகளை எல்லாம் ஒன்றுக்கு இரண்டாக நகல் எடுத்துக்கொள்கிறது. இதுதான் இடைநிலை.

அடுத்தது புரோஃபேஸ். நீளநீளமாகப் பிரிந்து கிடக்கும் நூலை அப்படியே இழுத்தால் சிக்கு விழும். கண்டாகச் சுற்றிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். செல்லும் அதைத்தான் பண்ணுகிறது. இழைகள் சுருண்டு தடித்துக் குரோமோசோம்களாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. சுற்றியிருந்த உறையும் கரைந்து போகிறது.

மெட்டாஃபேஸில் எல்லாக் குரோமோசோம்களும் செல்லின் நடுவிலே வரிசையாக வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒட்டியபடி இரண்டு குரோமாட்டிடுகள். இரண்டு பக்கத்திலிருந்தும் கதிர் இழைகள் வந்து அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. அனாஃபேஸில் ஒட்டியிருந்தவை பிரிந்து ஆளுக்கொரு பக்கம் இழுக்கப்படுகின்றன. டீலோஃபேஸில் இரண்டு முனையிலும் சேர்ந்தவை மறுபடி இழையாக அவிழ்ந்து, தனித்தனி உறை போட்டுக்கொள்கின்றன. நடுவிலே ஒரு சுவர் எழும்புகிறது. ஒரு செல் இருந்த இடத்தில் இரண்டு செல்!

இப்படிப் பார்த்தால் வரிசையை மனப்பாடம் பண்ணவே வேண்டாம். வரிசையில் நின்ற பிறகுதானே பிரிய முடியும்? நான் பரீட்சையில் நிற்பதற்கு முன்னாடியே பிரித்துவிட்டேன்.

மைட்டாசிஸ் என்ற பெயரை வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த வால்தர் ஃபிளெமிங். 1882-இல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். கிரேக்க மொழியில் நூல் என்று அர்த்தம் வரும் சொல்லிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார். கதிர் என்பதும் நூற்பு மில்லில் சொல்லுகிற அதே கதிர்தான். எங்க அக்கா மில்லுக்குப் போகிறவள். நான் வீட்டில் இதைச் சொன்னதும், அப்போ உன் பாடம் முழுக்க எங்க மில்லுதானா என்று சிரித்தாள்.

என் முறை வந்தபோது ரொம்ப நேரம் தேடி, நடுவரிசையில் குரோமோசோம்கள் நிற்கும் ஒரே ஒரு செல்லைக் கண்டுபிடித்தேன். அதை எண்ணச் சொன்னார் டீச்சர். 16 வர வேண்டுமாம். எனக்கு ஒருதடவை 13 வந்தது, ஒருதடவை 15 வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் டீச்சர் சொன்னார்: இந்த வேலையையே வாழ்நாள் பூராவும் செய்த ஓர் அம்மா இருந்தார், நம்ம சென்னையில்தான் படித்தார் என்று. அவர் கொடுத்த தாள்களையும் நூலகத்தில் கிடைத்ததையும் படித்து இதை எழுதுகிறேன்.

பத்தொன்பது பிள்ளைகளில் ஒருவர்

எடவலத் கக்கட் ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4-ஆம் தேதி தலச்சேரியில் பிறந்தார். இன்று அது கேரளாவில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. அப்பா நீதித்துறையில் அதிகாரி. செடிகொடிகளில் ரொம்ப ஆசை உள்ளவர். அவருக்கு இரண்டு மனைவிகள் மூலம் மொத்தம் 19 பிள்ளைகள். அந்தப் பெரிய குடும்பத்தில் வளர்ந்தவர் ஜானகி. அவர்களுடைய தீயர் சமூகத்தை அந்தக் காலத்தில் தாழ்வாகத்தான் பார்த்தார்கள்.

அக்கா தங்கைகளுக்கு ஒவ்வொருவராகக் கல்யாணம் நடந்தது. ஜானகிக்கும் நடந்திருக்கும். ஆனால் அவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைசி வரைக்கும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சென்னை வந்து ராணி மேரிக் கல்லூரியில் படித்தார். மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் வாங்கினார். பிறகு மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

ஆசியப் பெண்கள் அமெரிக்கா வந்து படிப்பதற்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பார்பர் உதவித்தொகை என்று ஒன்று உண்டு. அது ஜானகிக்குக் கிடைத்தது. கப்பலேறிப் போய் 1925-இல் முதுகலைப் பட்டமும், மறுபடி போய் 1931-இல் முனைவர் பட்டமும் பெற்றார். தாவரவியலில் இவ்வளவு உயரம் போன இந்தியப் பெண்கள் அன்றைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். திரும்பி வந்து திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் இரண்டு வருடம் பேராசிரியராக இருந்தார்.

இனிக்கிற கரும்பின் கணக்கு

1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நம்ம ஊர் வானம் பார்த்த பூமி. பொங்கல் கரும்பு நமக்கு வெளியூரிலிருந்து லாரியில் வந்துதான் இறங்கும். அந்தக் கரும்புக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று எனக்கு இதைப் படிக்கும்வரை தெரியாது.

நல்ல கரும்பு தடியாக இருக்கும், நிறையச் சாறு விடும். ஆனால் நோய்க்கும் வறட்சிக்கும் தாங்காது. ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நாணல் அதற்குச் சொந்தக்கார இனம். இனிப்பு கிடையாது, ஆனால் எதையும் தாங்கும். இரண்டையும் கலந்தால் இனிப்பும் கிடைக்கும், தாங்கும் சக்தியும் கிடைக்கும். கோயம்புத்தூரில் அப்படி உருவானதுதான் கோ 205.

கலந்தது சரியாகக் கலந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேர்நுனியை எடுத்து, மெட்டாஃபேஸில் இருக்கும் செல்லைத் தேடி, குரோமோசோம்களை எண்ண வேண்டும். நல்ல கரும்பில் 80, கோயம்புத்தூர் நாணலில் 64. பாதிப்பாதி சேர்ந்தால் 72 வர வேண்டும். ஆனால் கோ 205-இல் இருப்பது 112! ஏன் தெரியுமா? தாய்க்கரும்பு தன் பாதியைக் கொடுக்காமல் 80-ஐயும் முழுசாகக் கொடுத்துவிட்டது. நாணல் தன் பாதி 32-ஐக் கொடுத்தது. எண்ணிப் பார்க்காமல் இது யாருக்குத் தெரியும்? 16-ஐ எண்ணவே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததே, 112-ஐ எண்ணினவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஜானகி அம்மாள் நாணல் வகைகளை எண்ணி ஆராய்ந்தார். கரும்பை அதன் தூரத்துச் சொந்தங்களோடும் கலந்து பார்த்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து ஒரு செடியையே உண்டாக்கி 1938-இல் அறிவித்தார். அதற்கு முன்பே, 1935-இல், சர் சி.வி.ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

ஆனால் வேலை பார்த்த இடத்தில் அவருக்கு நிம்மதி இல்லை. கல்யாணம் ஆகாத பெண், அதுவும் தாழ்வாக நினைத்த சமூகத்திலிருந்து வந்தவர் என்பதால் கூட வேலை பார்த்த ஆண்கள் சிலர் அவரைச் சரியாக மதிக்கவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

குண்டு மழையிலும் விடாத வேலை

1939-இல் மரபியல் மாநாட்டுக்காக ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துக்குப் போனார். அவர் போன நேரம் பார்த்து இரண்டாம் உலகப்போர் வெடித்தது. இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். லண்டனை ஒட்டி இருந்த ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் சி.டி.டார்லிங்டன் என்ற பெரிய அறிவியலாளருடன் வேலை பார்த்தார். ராத்திரி விமானங்கள் வந்து குண்டு போடும். அப்போது கட்டிலுக்கு அடியில் பதுங்கிக்கொள்வாராம். விடிந்ததும் ஆய்வகத்தில் உடைந்து கிடக்கும் கண்ணாடியைத் தட்டிவிட்டு மறுபடி வேலையை ஆரம்பித்துவிடுவாராம்.

அந்தப் போர்க்காலத்தில் உருவானதுதான், மனிதர் பயிரிடும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துத் தந்த பெரிய நூல். 1945-இல் டார்லிங்டன் பெயரோடு ஜானகி அம்மாள் பெயரும் சேர்ந்து வெளிவந்தது.

செங்காந்தளில் இருக்கும் பூட்டு

பிறகு இங்கிலாந்தின் அரசத் தோட்டக்கலைக் கழகம் அவரை விஸ்லி தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டது. அங்கே அவர் கோல்சிசின் என்ற பொருளை வைத்து ஆராய்ச்சி செய்தார். கோல்சிசின் யாருக்கும் தெரியாத வெளிநாட்டுச் சரக்கு இல்லை. நம் மாநில மலர் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் அது இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று சொல்வார்களே, அதுதான். கொடிய விஷம். தம்பி தங்கைகள் யாரும் வேலியோரத்தில் பார்த்தால் வாயில் வைத்துவிடாதீர்கள்.

இது செல்லுக்குள்ளே போய் என்ன பண்ணுகிறது? கதிர் இழைகளை உருவாகவிடாமல் தடுக்கிறது. குரோமோசோம்கள் நகல் எடுத்தாயிற்று, சுருண்டாயிற்று. ஆனால் இழுத்துப் பிரிக்க இழை இல்லை. அப்படியே நின்றுவிடுகின்றன. இரண்டு செல்லாக ஆகவேண்டியது ஒரே செல்லாக, இரண்டு மடங்கு குரோமோசோமோடு மிஞ்சுகிறது. அதிலிருந்து வளரும் செடிக்குப் பெரும்பாலும் இலை தடிமனாக இருக்கும், பூ பெரிதாக இருக்கும். 1937-இல் அமெரிக்காவில் இதை விளக்கினார்கள். ஜானகி அம்மாள் அதை விஸ்லியில் மக்னோலியா கன்றுகளுக்குச் செய்தார். அவர் உருவாக்கிய ஒரு வெள்ளைப்பூ மக்னோலியாவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இரட்டிப்பு இயற்கையிலும் தானாக நடப்பது உண்டு. நம் கரிசல் காட்டில் தாத்தா காலத்தில் போட்ட கருங்கண்ணிப் பருத்தியில் 26 குரோமோசோம்கள். இன்றைக்கு அதிகமாகப் போடும் நீள இழைப் பருத்தியில் 52. பருத்தி விளையும் பூமியில் பிறந்தும் இது எனக்குத் தெரியாமல் இருந்ததே!

தாய்நாட்டுக்குத் திரும்பினார்

1951-இல் பிரதமர் நேரு அழைத்ததால் நாடு திரும்பினார். இந்தியத் தாவரவியல் அளவை நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. பிறகு அலகாபாத்திலும் ஜம்முவிலும் பணியாற்றினார். மிச்சிகன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இந்திய அரசு 1977-இல் பத்மஸ்ரீ வழங்கியது.

வயதான பிறகும் சும்மா உட்காரவில்லை. 1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் மையத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். சென்னைக்குப் பக்கத்தில் மதுரவாயலில் இருந்த கள ஆய்வகத்தில் மருந்துச்செடிகள் வளர்த்தார். சாதாரணப் புடவை, எளிமையான வாழ்க்கை.

கேரளாவில் அமைதிப் பள்ளத்தாக்கு என்ற அடர்ந்த காட்டில் மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டம் போட்டபோது அதை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். எண்பது வயதைத் தாண்டியும், அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவு செய்ய வேண்டும் என்று கிளம்பினார். காடு அழிந்துவிட்டால் எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாதே. 1983-இல் அந்த அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ஆம் தேதி மதுரவாயலில் ஜானகி அம்மாள் காலமானார். அதே வருடம் நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நான் ஏன் இதை எழுதினேன்?

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். டீச்சர் எழுது என்றார். எழுதுகிறேன்.

எங்க அக்கா பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறுக்கு மேலே எடுத்தவள். அதோடு நின்றுவிட்டாள். அந்த வருடம் மழை இல்லை, அப்பாவுக்கும் உடம்பு சரியில்லை. அவள் மில்லுக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைக்கிறாள். எனக்குப் பன்னிரண்டாவது முடிந்தால் போதும், மாப்பிள்ளை பார்த்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அப்பத்தாவுக்கு அதில் ரொம்ப அவசரம். இந்த வகுப்பில் எனக்கு மட்டும் இது நடக்கவில்லை என்பது தோழிகளுக்குத் தெரியும்.

ஜானகி அம்மாள் குடும்பத்தில் படிப்பு இருந்தது, வசதி இருந்தது. என் வீட்டில் இரண்டும் கம்மி. அதனால் அவரை மாதிரி நானும் ஆகிவிடுவேன் என்று சும்மா சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. அவர் ஒரே நாளில் பெரிய ஆளாகவில்லை. ஒரு செல், அடுத்த செல், அதற்கடுத்த செல் என்று எண்ணிக்கொண்டே இருந்தார். கேலி வந்தபோதும் எண்ணினார், குண்டு விழுந்தபோதும் எண்ணினார். அந்தப் பொறுமையை யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

போன வாரம் ஆய்வகத்தில் மறுபடியும் ஒரு சில்லைத் தயார் பண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் 16 வந்தது! அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் ஜானகி அம்மாள் கதையை முழுசாகச் சொன்னேன். கரும்புக் கணக்கை மட்டும் இரண்டாவது தடவை சொல்லச் சொன்னார். பிறகு, கல்லூரியில் தாவரவியல் படிக்க எவ்வளவு ஆகும், ஸ்காலர்ஷிப் எல்லாம் கிடைக்குமா என்று டீச்சரிடம் கேட்டு வரச் சொன்னார். சரி என்று இன்னும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்கா மட்டும், மூணு வருஷம்தானே, நான் பார்த்துக்கிறேன் என்றாள்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பேச்சு வந்தால், தோழிகளே, அழாதீர்கள். முதலில் இந்த அம்மாவின் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

தெரிந்துகொள்வோம் (ஒரு செல்லில் உள்ள குரோமோசோம்கள்)
வெங்காயம் – 16
மக்காச்சோளம் – 20
நெல் – 24
கத்தரி – 24
கருங்கண்ணிப் பருத்தி – 26
மனிதன் – 46
நல்ல கரும்பு – 80



– பதினோராம் வகுப்பு மாணவி, உயிரியல் பிரிவு, காரியாபட்டி